ஃபோம் பேடுக்கு 350 ரூபாயா? சோபாக் கடைத் துண்டு போதாதா?

4 ஆகஸ்ட் 2024, காலை

காருக்கு மெழுகு தடவ ஒரு வட்டமான ஃபோம். 10 செ.மீ. குறுக்களவு, 2 செ.மீ. கனம். சென்னையின் கார் சாமான் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் ஆறு வட்டுகள் உள்ள பொட்டலத்துக்கு 350 ரூபாய் சொல்கிறார்கள். எங்கள் தெருமுனையில் சோபா தைக்கும் அண்ணன் இதே பாலியூரித்தேன் ஃபோமைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுகிறார். 40 ரூபாய் கொடுத்தேன், ஒரு பை நிறையத் திணித்துக் கொடுத்தார்.

கார் பேட் என்று தனியாக ஒன்று கிடையாது, அட்டைப்பெட்டிக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். "பத்து வருடமாக இதைத்தான் வாங்குகிறேன்" என்பது காரணம் ஆகாது.

வண்டி 2016 ஹேட்ச்பேக், கறுப்பு. கறுப்பு வேண்டாம் மாப்பிள்ளை என்று மாமனார் அன்றே சொன்னார்.

4 ஆகஸ்ட், இரவு

என்ன தடவுகிறேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். டின்னில் வரும் கெட்டி மெழுகு, கார்நௌபா கலந்தது. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. தனி கார்நௌபா கல் போல இருக்கும், உருகவே 80 டிகிரிக்கு மேல் வேண்டும். டின்னில் இருப்பது எண்ணெயும் கரைப்பானும் சேர்த்து இளக்கியது. அதனால்தான் பேடால் வழித்து எடுக்க முடிகிறது.

11 ஆகஸ்ட்

சோதனை முடிந்தது. ஒப்பிட ஒரு பொட்டலம் வாங்க வேண்டியதாயிற்று. ஆக, 350 ரூபாயை மிச்சப்படுத்தக் கிளம்பியவன் 390 ரூபாய் செலவழித்திருக்கிறேன்.

பானெட்டின் இடது பாதி சோபாத் துண்டுக்கு, வலது பாதி கடை வட்டுக்கு. இரண்டையும் தடவுவதற்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். (கேக் செய்ய வாங்கிய தராசு. இனி அதில் மாவு நிறுக்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லியாயிற்று.) வேலை முடிந்தபின் கடை வட்டில் 2 கிராம் மெழுகு தங்கியிருந்தது. சோபாத் துண்டில் 6 கிராம். வண்டிக்குப் போக வேண்டிய மெழுகைப் பஞ்சு தின்றுவிட்டது.

இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. சோபாத் துண்டின் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கடை வட்டில் துளை இருப்பதே கண்ணை இடுக்கினால்தான் புலப்படும். பெரிய துளைக்குள் இறங்கிய மெழுகு, லேசாக அழுத்தும் கைக்குத் திரும்பி வருவதில்லை.

இன்னொரு குற்றம்: நான் கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் பொடிந்து உதிர்ந்தது. கறுப்பு பானெட் முழுக்கக் கடுகு தாளித்தது போல மஞ்சள் பொடி.

18 ஆகஸ்ட்

போன வாரக் கணக்கில் ஒரு அநியாயம் இருக்கிறது, யாரும் சுட்டிக்காட்டவில்லை, நானே சொல்கிறேன். சோபாத் துண்டு 5 செ.மீ. கனம், கடை வட்டு 2 செ.மீ. பெரிய பாத்திரத்தில் அதிகம் பிடிக்கத்தானே செய்யும்?

இன்று துண்டை 2 செ.மீ. கனத்துக்கு அறுத்து மறுபடி செய்தேன். 4 கிராம். மூன்று மடங்கு இல்லை, இரண்டு மடங்கு. என் கட்சி பாதி பிழைத்தது, பாதி செத்தது.

18 ஆகஸ்ட், சற்றுப் பின்னர்

"டிவி பெட்டியில் வரும் வெள்ளை ஃபோம் எதையும் உறிஞ்சாதே, அதைப் பயன்படுத்தலாமே" என்று கேட்டவருக்கு: உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் போகாது. அது பாலிஎத்திலீன், ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடிய அறை. பேட் செய்யும் ஃபோமில் அறைகளுக்கிடையே வழி திறந்திருக்கும், ஊதினால் காற்று போகும். மூடிய அறை ஃபோம் எதையும் குடிக்காது என்பது உண்மைதான். ஆனால் குடிக்காதது கொடுக்கவும் கொடுக்காது. மெழுகு அதன் முகத்தில் கட்டியாக ஒட்டி, முதல் தேய்ப்பிலேயே மொத்தமாக இறங்கி, பிறகு வழுக்கிக்கொண்டு போகிறது. கொஞ்சம் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த ஃபோம்தான் நமக்கு வேண்டும்.

25 ஆகஸ்ட்

சோபா அண்ணனிடம் போய் "கொஞ்சம் நயமான துளை உள்ளதாகக் கொடுங்கள்" என்றேன். "32 டென்சிட்டியா, 40 டென்சிட்டியா தம்பி?" என்றார். 40 என்றால் கடினம், துளையும் சிறிது என்று நினைத்துக்கொண்டு அதையே கேட்டேன்.

"கடினத்துக்கும் டென்சிட்டிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்பதுதான் அந்த எண். 40லேயே பூப்போல இருப்பதும் உண்டு, 28லேயே பலகை போல இருப்பதும் உண்டு" என்று சொல்லி, இரண்டு துண்டுகளைக் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். அப்படித்தான் இருந்தது. எடை வேறு, விறைப்பு வேறு, துளை அளவு வேறு. முப்பது வருடமாக ஃபோமை அறுத்த கை சொல்கிறது, நான் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாதம் செய்துகொண்டிருக்கிறேன்.

நிறத்தை நம்பியும் வாங்க வேண்டாம். மெஷின் பாலிஷ் பேடுகளில் ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு இன்னொரு நிறுவனத்தின் ஆரஞ்சு அல்ல. அமுக்கிப் பார்த்து வாங்குவதுதான் வழி. ஒன்று மட்டும் சொல்வேன்: மஞ்சளாகிவிட்ட பழைய ஃபோமை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

1 செப்டம்பர்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

காலையில் ஆறு வட்டுகளும் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. மெழுகு டின்னைத் திறந்தாயிற்று. சமையலறை அலமாரியில் ஒரு வெள்ளைப் பஞ்சுக் கட்டி இருந்தது, சுவரில் பிள்ளைகள் கிறுக்கியதை அழிக்க வாங்கியது. துளையே தெரியாத அளவுக்கு நயம். கையில் எடுத்தால் வெண்ணெய். "இதைவிட நயமான ஃபோம் கடையில் கூடக் கிடைக்காது" என்று எனக்குள் ஒரு பெருமிதம். அதில் மெழுகை வழித்து, பானெட்டின் முன்பகுதியில் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன்.

மெழுகு காய்ந்தது, துடைத்தேன். வட்டம் போகவில்லை. மெழுகு சரியாகத் துடைபடவில்லை என்று எண்ணி, அதே பஞ்சால் இன்னொரு தரம் தேய்த்தேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். வெயிலில் பார்த்தபோது பானெட்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மூடுபனி.

அது பாலியூரித்தேனே அல்ல. மெலமைன் ஃபோம். உடையாத தட்டு செய்கிறார்களே, அதே மெலமைன் பிசினை நுரையாக்கி இறுக வைத்தது. மொத்தமாகப் பிடித்தால் மெத்தென்று இருக்கிறது, ஆனால் அதன் ஒவ்வொரு நரம்பும் கடினம். சுவரில் கிறுக்கலை அது கரைப்பதில்லை, சுரண்டி எடுக்கிறது. மிக நயமான உப்புத்தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காரின் பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. அதன் மேல்தான் இரண்டு தரம் உப்புத்தாள் போட்டிருக்கிறேன்.

"நயமான துளை நல்லது" என்று 11ஆம் தேதி எழுதியதை அப்படியே நம்பி யாரும் இதைச் செய்துவிட வேண்டாம். முதலில் பாலியூரித்தேனா என்று பாருங்கள், துளையைப் பிறகு எண்ணலாம்.

1 செப்டம்பர், இரவு

வீட்டில் கேட்டது ஒரே கேள்வி: "சுவருக்கு வாங்கியதை எதற்குக் காரில் தேய்த்தீர்கள்?" பதில் இல்லை.

8 செப்டம்பர்

நயமான பாலிஷ் (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை) வாங்கி, கடை வட்டால் கையாலேயே தேய்த்து மூடுபனியை எடுத்தேன். இரண்டு மணி நேரம், தோள்பட்டை கழன்றுவிட்டது. சாய்வு வெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் ஓரிரு சுழல் கீறல் தெரிகிறது, அதோடு சமாதானம் ஆகிவிட்டேன்.

மெழுகு தடவியபோது கவனிக்காத ஒன்று பாலிஷ் போட்டபோது புரிந்தது. பேட் வெறும் கரண்டி அல்ல. விரல்நுனியால் அழுத்தித் தேய்த்தால், மெல்லிய பஞ்சு அமுங்கி, நான்கு விரல்களின் அழுத்தமும் நான்கு கோடுகளாகப் பெயின்ட்டில் இறங்குகிறது. உள்ளங்கையைப் பரப்பித் தேய்த்தால் அழுத்தம் வட்டு முழுக்கச் சமமாகப் பரவுகிறது. சோபாத் துண்டு சீக்கிரம் அமுங்கித் தட்டையாகிவிடுவதால் பாலிஷுக்கு ஆகவில்லை. வெறும் மெழுகு தடவ அழுத்தமே வேண்டாம், அங்கே இந்தக் குறை தெரியாது. ஆக, எந்த வேலை என்று கேட்காமல் "எந்த பேட் நல்லது" என்று ஆரம்பித்ததே என் தவறு.

22 செப்டம்பர்

டயர். இங்கே என் கட்சிக்கு ஒரு வெற்றி, ஏழு வாரத்தில் முதல் வெற்றி, கொஞ்சம் அனுபவித்துக்கொள்கிறேன்.

பால் போன்ற, தண்ணீரில் கலந்த சிலிகோன் வகை டயர் டிரஸ்ஸிங்கை, அதாவது டயரைக் கறுப்பாகக் காட்டும் பூச்சை, கடை வட்டால் பூசினால், டயரின் பக்கச் சுவரில் எழுத்துகள் புடைத்திருக்கும் இடத்தில் ஏறி இறங்காமல் தாவிவிடுகிறது. எழுத்தைச் சுற்றி நரைத்த கோடு நிற்கிறது. சோபாத் துண்டு அகலத் துளையோடு மெத்தென்று இருப்பதால் ஒவ்வொரு பள்ளத்திலும் புகுந்து வருகிறது. டயரின் வளைவுக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ளலாம், பாழானால் வருத்தமும் இல்லை. முதல் டயருக்கு நிறையக் குடிக்கிறது, மற்ற மூன்றுக்கும் கணக்காகக் கொடுக்கிறது.

பூசுவதற்கு முன் டயரை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பேடில் பழுப்பாக ஒட்டுவது எல்லாம் சேறு என்று நினைத்திருந்தேன். ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்து நாளடைவில் மேலே கசிந்து பழுப்பாகிறது. அதன் மேல் பூசினால் டயர் கறுக்காது, பேடுதான் பழுக்கும்.

டயர் முழுக்கப் பூசலாமா என்று கேட்டவருக்கு அழுத்திச் சொல்கிறேன்: சாலையில் படும் பட்டையில் ஒரு சொட்டும் படக்கூடாது. பைக் டயருக்கு வேண்டவே வேண்டாம். வளைவில் சாயும்போது தரையைத் தொடுவது அந்த ஓரம்தான்.

29 செப்டம்பர்

அக்கா மகன் வந்திருந்தான். "மாமா, நான் மெழுகு போடுகிறேன்" என்று ஆசைப்பட்டான். வெயிலில் காய்ந்த பேடுகளில் கைக்குக் கிடைத்ததை எடுத்தான். டயர் பேட். கதவில் எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் மெழுகு, மூன்று தரம் ஷாம்பு போட்ட பிறகுதான் விட்டது. துவைத்தாலும் சிலிகோன் ஃபோமை விட்டு முழுதாகப் போவதில்லை.

இன்றிலிருந்து அழியாத மையால் எழுதிவைக்கிறேன்: டயர், மெழுகு, பாலிஷ், டேஷ்போர்டு. ஒன்றின் பேட் இன்னொன்றுக்குப் போகாது. பையனைத் திட்டவில்லை. மெலமைன் கதை அவனுக்கும் தெரியும்.

10 அக்டோபர்

நாளை ஆயுத பூஜை. விடியற்காலை ஐந்தரைக்கே மெழுகு போட்டு முடித்துவிட்டேன். தகடு சூடாக இருந்தால் கரைப்பான் பரவுவதற்குள் ஆவியாகி, மெழுகு போட்ட இடத்திலேயே திட்டாக உட்கார்ந்துவிடும். அதன் பிறகு துடைப்பது தண்டனை.

பேடை நனைக்கலாமா என்ற சண்டைக்கு என் அனுபவம்: கெட்டி மெழுகுக்கும் தண்ணீர் வகைப் பூச்சுக்கும் நனைக்கலாம். நனைப்பது என்றால் ஒரு தரம் தெளித்து, கையில் ஈரம் ஒட்டாத அளவுக்குப் பிழிந்துவிடுவது. துளைகளில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் மெழுகு ஆழமாக இறங்காது. இன்று அப்படிச் செய்ததில் டின்னில் விரல்நுனி கூட நுழையாத குழிதான் விழுந்திருக்கிறது. மழைநீர் வழுக்கிச் செல்லக் கண்ணாடியில் போடுகிறோமே, அதற்கு ஈர பேட் ஆகாது. காய்ந்ததுதான்.

மெழுகு எத்தனை மெல்லிசாக இருக்க வேண்டும்? தடவியது தெரிகிறதா என்று சந்தேகம் வர வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம்.

12 அக்டோபர்

பூஜை இனிதே முடிந்தது. சந்தனம் காய்ந்து பானெட்டில் மூன்று விரல் தடம் அப்படியே இருக்கிறது. அம்மா வைத்தது. துடைக்கவில்லை.

17 அக்டோபர்

மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அதில் ஒன்று என்னுடையது. இரண்டு நாள் கொட்டும் மழையில் நின்றது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்க்க ஆசையாகக் குடை பிடித்துக்கொண்டு மேம்பாலத்துக்கு நடந்தேன். முன்னும் பின்னும் இடைவெளி இல்லாமல் வண்டிகள், என்னுடையதைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. சந்தனம் போய்விட்டிருந்தது. முத்துகள் இருந்தன.

8 டிசம்பர்

ஒரு திருத்தம், ஒரு இழப்பு.

இழப்பு: மழைக்கு முன் அவசரமாகப் பேடுகளைத் துவைத்து, பாதி ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி டிக்கியில் வைத்தேன். மறந்தும் போனேன். நேற்றுத் திறந்தால் பூஞ்சை வாடை, இரண்டு வட்டில் கரும்புள்ளி. பழைய சோபாத் துண்டு ஒன்று கையில் எடுத்ததும் ரவை போல உதிர்ந்தது. அது சோபாவிலேயே எத்தனை வருடம் உழைத்ததோ. ஈரமும் சூடும் சேர்ந்தால் பாலியூரித்தேன் நாளடைவில் சிதைகிறது. மூடிய டிக்கி இரண்டையும் கொடுத்தது. இப்போது பருத்திப் பையில் போட்டு அறைக்குள் ஆணியில் தொங்குகிறது.

திருத்தம்: மஞ்சளான ஃபோமின் ஆயுள் முடிந்துவிட்டது என்று ஆகஸ்டில் எழுதினேன். தவறு. வெள்ளை ஃபோம் வெளிச்சம் பட்டாலே மஞ்சளாகும், அது அந்த வேதிப்பொருளின் சுபாவம். என் வட்டுகளில் மிக மஞ்சளானது இன்னும் வில் போல நிமிர்கிறது. அமுக்கிவிட்டால் பழைய உருவத்துக்கு வருகிறதா, நகத்தால் கீறினால் பொடிகிறதா என்று பாருங்கள். நிறத்தைப் பார்த்து எறியாதீர்கள்.

துவைப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு, உள்ளங்கையில் அமுக்கி அமுக்கி விடுவது. துணி போல முறுக்கினால் கிழியும். நிழலில் உலர்த்துவது. கீழே மண்ணில் விழுந்த பேட் மட்டும் துவைத்தும் வேண்டாம். துளைக்குள் போன ஒரு மணல் போதும்.

5 ஜனவரி 2025

எதிர்வீட்டு சார் இதையெல்லாம் படித்திருக்கிறார், ஆனால் முதல் பதிவை மட்டும். புது வண்டிக்குச் செராமிக் கோட்டிங் (பெயின்ட்டின் மேல் பூசினால் இறுகிவிடும் திரவம்) பெட்டி வாங்கினார். 30 மில்லி புட்டி, ஒரு சிறிய ஃபோம் கட்டை, அதைச் சுற்றக் குட்டித் துணிகள். கட்டை எங்கோ தவறிவிட்டது. "சோபாத் துண்டே போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் தம்பி" என்று என்னிடமே பை நிறையக் கேட்டு வாங்கிப் போனார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

பானெட்டும் ஒரு கதவும் முடிவதற்குள் புட்டி காலி. பஞ்சு குடித்துவிட்டது. மறுநாள் அந்தத் துண்டு அப்பளம் போல விறைத்திருந்தது. பாவம், அவர் என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஒரு டம்ளர் காபி கொடுத்துவிட்டு அந்தத் துண்டை மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான்.

செராமிக்கில் ஃபோம் திரவத்தைத் தொடவே கூடாது. கட்டை வெறும் பிடி, தட்டையான அழுத்தம் தருவதற்கு. திரவத்தைச் சுமப்பது மேலே சுற்றிய மெல்லிய துணி. அந்தத் துணியும் காயக் காயக் கண்ணாடி போல இறுகி வண்டியைக் கீறும், அதனால் விறைக்கத் தொடங்கியதும் மாற்றிவிட்டு, பழையதை எறிந்துவிட வேண்டும். புதுப் புட்டி வாங்கிக் கொடுத்தேன். மீதிப் பகுதியை இருவரும் சேர்ந்து போட்டோம். முதல் பதிவின் தலையில் "கீழே முழுக்கப் படிக்கவும்" என்று சேர்க்கச் சொன்னார். அந்த உரிமை அவருக்கு உண்டு.

2 பிப்ரவரி

சோபா அண்ணனிடம் ஓரம் பொடிகிற பிரச்சினையைச் சொன்னேன். சிரித்தார். "கத்தரிக்கோலில் வெட்டினால் அமுங்கி, கடித்து, பிய்க்கத்தான் செய்யும். என்னிடம் மெஷின் இருக்கிறது. உங்களிடம் ஐஸ் பெட்டி இருக்கிறதா?" ஃபோமைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, உறைய வைத்துவிட்டு, கூர்மையான கத்தியால் அறுக்க வேண்டுமாம். துளைகளில் இருக்கும் பனி ஃபோமை நிமிர்த்திப் பிடிப்பதால் ஓரம் வழவழவென்று வரும்.

செய்து பார்த்தேன், வருகிறது. டப்பா மூடியை மேலே வைத்து அறுத்த வட்டுகள், டயருக்கு எட்டு, டேஷ்போர்டுக்கு நான்கு. மெழுகுக்கும் பாலிஷுக்கும் கடை வட்டுதான், அதில் இனி வாதம் இல்லை.

ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு துண்டு இருக்கிறது. பனீர் என்று நினைத்து நேற்று ஒன்றை வெளியே எடுத்து இளக வைத்திருக்கிறார்கள். நான் வீட்டுக்கு வருவதற்குள் வெங்காயம் வதக்கியாயிற்று.